இரண்டு மாரி கண்டும் முழங்காலுக்கு வராத கன்றுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரி வரப்போகிறது என்றால் உங்கள் பத்திரிகையில் மரநடுகைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஒரு மண்வெட்டி, அதைப் பிடிக்க ஏழெட்டுக் கை, நடுவில் ஒரு கன்று. எல்லாரும் கமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கன்றை யாரும் பார்ப்பதில்லை. நான் கன்றைத்தான் பார்ப்பேன். மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னதாக ஒரு நாற்றுமேடை வைத்து மா, தோடை, கொய்யா என்று கன்று விற்றுப் பிழைக்கிறவனுக்கு வேறெங்கே கண் போகும்? அண்மைக்காலமாக அந்தப் படங்களில் வருகிற சில கன்றுகள் என்னை உறுத்துகின்றன. அளவுக்கு மீறி அழகாக இருக்கின்றன, அதுதான் உறுத்தல். குட்டை, தண்டு மொத்தம், இலை கரும்பச்சை, கணுவுக்குக் கணு நெருங்கி இலையெல்லாம் உச்சியில் கொத்தாக. வேப்பங்கன்று அப்படி இருக்காது. வேம்பு நெடுநெடுவென்று போகிற சாதி.

படத்தைப் பார்த்து மட்டும் இதை எழுதவில்லை. போன மாரிக்கு முந்தின மாரியில் எங்கள் ஊர்க் கோயில் காணியில் நிழல் மரம் வைக்க வேண்டும் என்று நிர்வாகத்தார் முடிவெடுத்தார்கள். வேம்பு, புளி, மருது எல்லாம் சேர்த்து 300 கன்று. என் மேடையில் காட்டுமரக் கன்று அதிகம் போடுவதில்லை, அதனால் வெளியில் ஒரு நாற்றுமேடையில் வாங்கச் சொன்னேன். எந்த மேடை என்று இங்கே எழுதப் போவதில்லை, அந்த ஆளிடம் எனக்குப் பகையும் இல்லை. கன்றுகளை நானே போய்ப் பார்த்துத் தெரிவுசெய்தேன், அந்த வெட்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். பார்த்ததும் பிடித்துப்போனது. ஒன்றுகூட சாய்ந்து நிற்கவில்லை, ஒன்றுக்கும் கம்பு கட்டவில்லை, ஒரு சாண் உயரத்தில் எல்லாம் ஒரே மட்டமாக, பாய் விரித்தது மாதிரி. கார்த்திகை மழையில் நட்டோம். செத்தது மிகக் குறைவு, எல்லாருக்கும் சந்தோசம். தை போனது, மாசி போனது, கன்று அப்படியே குந்திக்கொண்டிருந்தது. சரி, வேர் பிடிக்கிறது, கோடை கழியட்டும் என்றேன். அடுத்த மாரியும் வந்து போனது. அதற்குள் வேலியோரத்தில் காகம் போட்ட விதையில் தானாக முளைத்த ஒரு வேம்பு என் தோளைத் தொட்டுவிட்டது. நாங்கள் காசு கொடுத்து, குழி வெட்டி, சாணி போட்டு, முறை வைத்துத் தண்ணீர் ஊற்றிய கன்றுகள் இன்னும் முழங்காலுக்கு வரவில்லை.

போன வைகாசியில் ஒன்றைக் கிளறி எடுத்தேன். மேலே பார்த்தால் சின்னப் பிள்ளை, கீழே பார்த்தால் கிழவன். ஆணிவேர் பையின் அடியில் போய் முட்டி, வளைந்து, சுற்றிச் சுற்றிக் கயிறு திரித்தது போல உருண்டு கிடந்தது. மூன்று நாலு மாதக் கன்றுக்கு அப்படி வேர் சுற்றாது. வருடத்துக்கு மேல் பைக்குள் இருந்திருக்க வேண்டும். வருடத்துக்கு மேல் இருந்த வேப்பங்கன்று எப்படி ஒரு சாண் உயரத்தில் நின்றது?

கன்றையும் கையில் எடுத்துக்கொண்டு அந்த மேடைக்கே போனேன். முதலில் மண் சரியில்லை என்றார், பிறகு தண்ணீர் காணாது என்றார். வேரைக் காட்டினதும் பேச்சுக் குறைந்தது. கடைசியில் சொன்னார், “ஐயா, கன்று கேட்ட மரநடுகைத் திட்டக்காரர் அஞ்சு மாசம் கழிச்சு எடுக்கிறம் எண்டுட்டாங்க. கன்று எகிறிக்கொண்டு போகுது. மாமரத்துக்கு விடுற மருந்து கொஞ்சம் தண்ணியில கலந்து விட்டம், நிண்டுது. மறுகா என்ன செய்ய, எல்லாத்தையும் வெட்டி எறியச் சொல்றீங்களோ?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆயிரக்கணக்கான பைக்கு மண் நிரப்பி, ஆளுக்குக் கூலி கொடுத்து, கோடை முழுக்கத் தண்ணீர் இறைத்தவர் கேட்கிற கேள்வி அது. இந்தக் கடிதத்தில் அவருக்கும் ஒரு பங்கு பதில் இருக்கிறது.

முதலில் அந்த மருந்து என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “உரம்”, “ரொனிக்”, “கன்று மொத்திக்கிற மருந்து” என்று ஆளுக்கொரு பெயரில் அது கைமாறுகிறது. பெயர் பக்லோபியூட்ரசோல். அது உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. செடிக்குள் ஜிபரெலின் என்று ஒரு வளர்ச்சிச் சுரப்பு இருக்கிறது, தண்டை நீளச் செய்வது அதன் வேலை. இந்த மருந்து அந்தச் சுரப்பு உண்டாவதையே அடைக்கிறது. புதிய கலங்கள் பிறந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் நீள மாட்டா. அதனால் கணுவிடை சுருங்கும், இலை சிறுத்துத் தடித்துக் கறுக்கும். பார்க்கிற கண்ணுக்கு அது செழிப்பு.

நம்மூர் வெள்ளாமைக்காரருக்கு இது புதுக் கதை இல்லை, பெயர்தான் புதிது. நாற்றில் சில மட்டும் திடீரென்று மற்றதை மிஞ்சி, வெளிறி, ஒல்லியாக நீண்டு போய்ப் பிறகு செத்துவிடுகிற ஒரு பூஞ்சண நோய் நெல்லில் உண்டு. யப்பான்காரர் அதைப் ‘பக்கானே’ என்பார்கள், முட்டாள் நாற்று என்று அர்த்தம். 1926 இல் குரொசாவா என்பவர் தாய்வானில் இருந்து அந்த நோயை ஆராய்ந்தபோது, பூஞ்சணம் கக்குகிற ஏதோ ஒரு பொருள்தான் நாற்றை அப்படி நீளவைக்கிறது என்று கண்டார். 1935 இல் அதற்கு ஜிபரெலின் என்று பெயர் வைத்தார்கள். செடிகளுக்குள்ளேயே அது இயல்பாக இருக்கிறது என்று தெரிந்தது பிறகுதான். இதன் மறுபக்கத்தையும் நம்முடைய வயல் வட்டைகளில் பார்த்திருக்கிறோம். எச் 4 என்ற பழைய நெல்லினம் நெஞ்சுயரம் வளர்ந்து, கொஞ்சம் யூரியா கூடினால் காற்றில் படுத்துவிடும் என்று பழைய போடியார்மார் சொல்வார்கள். 1966 இல் பிலிப்பைன்ஸில் வந்த ஐஆர் 8 என்ற நெல்லினம் குட்டையாக நின்றதற்குக் காரணம், பிறவியிலேயே அதற்குள் ஜிபரெலின் குறைவாகச் சுரப்பதுதான். ஆக, குட்டை என்பது எப்போதும் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நெல்லுக்கு அது வரம். நெல்லை நாம் நாலு மாதத்தில் அறுக்கிறோம்.

மரத்திலும் இந்த மருந்துக்கு நியாயமான இடங்கள் உண்டு. தாய்லாந்திலும் இந்தியாவிலும் மாமரத்தடியில் ஊற்றிப் பருவம் தவறிப் பூக்க வைக்கிறார்கள். துளிர் அடங்கினால் பூ வரும் என்ற கணக்கு. அமெரிக்காவில் மின்கம்பிக்குக் கீழே நிற்கிற மரங்களுக்கு விடுகிறார்கள், அடிக்கடி கிளை வெட்டத் தேவையில்லை. (நம்மூரில் கம்பிக்குக் கீழே வேம்பை மொட்டையடிக்கிற அழகைப் பார்க்கும்போது, இதற்கு ஊற்றலாமே என்று எனக்கே தோன்றியிருக்கிறது.) ஆஸ்திரேலியாவில் யூக்கலிப்டஸ் விதைத் தோட்டங்களில் மரத்தைக் குட்டையாக்கிக் கூடுதலாகப் பூக்க வைக்க இதையே பயன்படுத்துகிறார்கள். பூச்சட்டிக்காரரும் விடுவார்கள். நானும் யோக்கியன் இல்லை, ஒரு வருடம் செவ்வரத்தைச் சட்டிகளுக்கு விட்டு விற்றிருக்கிறேன், வாங்கியவர்கள் அடக்கமான செடி என்று சந்தோசப்பட்டார்கள். 2021 இல் அரசாங்கம் ஒரே இரவில் இரசாயன உரம் வேண்டாம் என்று நிறுத்தி, அந்தப் பெரும்போகத்தில் நம்முடைய வெள்ளாமை பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். மருந்து என்றாலே நஞ்சு என்று கத்துகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

நான் சொன்ன இடங்களிலெல்லாம் ஒரு பொதுவான விசயம் இருக்கிறது. அங்கே மரம் வளராமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை. பூச்சட்டி சட்டியிலேயே இருக்கப் போகிறது, கம்பிக்குக் கீழே நிற்கிற மரம் கம்பிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். கோயில் காணியில் வைக்கிற வேம்பை நாங்கள் எதற்கு வைக்கிறோம்? வளரத்தானே!

கிழக்கில் ஒரு கன்றுக்குக் கிடைக்கிற அவகாசம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ஐப்பசிக் கடைசியில் மழை பிடிக்கும், கார்த்திகை, மார்கழி, தையோடு பெருமழை முடிந்துவிடும். அதற்குப் பிறகு எப்போதாவது ஒரு தூற்றல், ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகும். நட்ட கன்று அந்த மூன்று மாதத்துக்குள் வேரை ஆழத்துக்கு இறக்கியாக வேண்டும். அது மட்டுமா? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இலுக்குப் புல்லும் பற்றையும் ஒரு மாரியில் இடுப்பளவு வளரும், அதற்குள் சாண் உயரக் கன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பிறகு மாடு, ஆடு. ஆட்டு வாய்க்கு மேலே உச்சி போகும் வரைக்கும் கன்றுக்கு உயிர் உத்தரவாதம் இல்லை என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலி அடைத்துக் காவல் காக்கிற காலத்தை இரண்டு வருடம் கூட்டினால் அந்தச் செலவை யார் தருவது? யானையைப் பற்றி நான் பேசவே இல்லை, அது தனிக் கடிதம்.

மருந்து விடுகிறவர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருந்து பட்ட கன்றுக்கு இலைப்பரப்புக் குறைவு, தண்ணீரை மெதுவாகத்தான் செலவழிக்கும், அதனால் வரட்சியைத் தாங்கும் என்கிறார்கள். பொய் இல்லை. எங்கள் 300 கன்றில் செத்தது குறைவு என்று மேலே எழுதினேனே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அளந்து, ஒரு தடவை, கொஞ்சமாகக் கொடுக்கிறபோது கிடைக்கிற பலன் அது. நம்மூரில் எப்படி அளக்கிறோம்? போத்தல் மூடியால். நான் பார்த்தது 25 சதவீத மருந்து, அதாவது ஒரு மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் சரக்கு. பத்து மில்லிலீற்றர் பிடிக்கிற மூடி ஒன்றை 16 லீற்றர் ராங்கியில் கலந்தால், லீற்றருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் வரும். பல பூச்செடிகளுக்கு மண்ணில் ஊற்றுகிறபோது லீற்றருக்கு ஒரு சில மில்லிகிராமே போதும். கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். இலைக்குத்தான் அடிக்கிறேன், மண்ணுக்கு விடவில்லை என்று சிலர் சொல்வார்கள். இந்த மருந்தைத் தண்டும் வேரும்தான் நன்றாக உறிஞ்சும். இலையில் அடித்தது வடிந்து பைக்குள் விழுந்தால் அதுவும் மண்ணுக்கு விட்ட கணக்குத்தான்.

விட்டது இலேசில் போகிற சரக்கும் இல்லை. மண்ணைப் பொறுத்து மாதக்கணக்கில் இருக்கும், சில இடத்தில் வருடத்துக்கு மேலும் இருக்கும். மாந்தோட்டங்களில் ஒரு வருடம் ஊற்றியது அடுத்த வருடமும் வேலை செய்வது தெரிந்த விசயம். நாங்கள் பொலித்தீனை மட்டும் கிழித்து எடுத்துவிட்டு, வேர் கலங்கக் கூடாது என்று பை மண்ணைப் பத்திரமாக அப்படியே குழிக்குள் இறக்கினோம். கன்றோடு சேர்த்து மருந்தையும்தான் நட்டிருக்கிறோம். இன்னொன்று, நாற்றுமேடைகளில் விற்காத பைகளை உடைத்து அந்த மண்ணைத் திரும்பவும் கலந்து மிளகாய், கத்தரி நாற்றுக்குப் போடுவது வழக்கம். நானும் போடுகிறேன், நல்ல மண்ணை யார் எறிவார்கள்? மருந்து விட்ட மேடையில் அப்படிப் போட்டால் மிளகாய் நாற்றும் குந்தும், வாங்கிப் போன பெண் வைரசு என்று நினைத்து இன்னொரு மருந்தைத் தேடி ஓடுவார். பழமரமாக இருந்தால் தின்கிறவனின் கதையும் வரும். 1989 இல் அமெரிக்காவில் அப்பிளுக்கு அடித்த டமினோசைட் என்ற வேறொரு வளர்ச்சி அடக்கியை, புற்றுநோய்ப் பயத்தால் உணவுப் பயிர்களில் இருந்து நிறுத்த வேண்டி வந்தது. அது வேறு மருந்து, இதோடு குழப்ப வேண்டாம். அளவும் அறிவிப்பும் ஏன் வேண்டும் என்பதற்குச் சொன்னேன்.

இனி என்னை உண்மையாகவே கோபப்படுத்திய இடத்துக்கு வருகிறேன். கன்றின் தரத்தைப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது, பல நாடுகளில் நாற்றுமேடைக்காரர் பாவிப்பது. உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடு, மண்ணோடு ஒட்டிய கழுத்துத் தடிப்பை மில்லிமீற்றரில் எடு, உயரத்தைத் தடிப்பால் வகு. ஆறுக்குக் கீழே வந்தால் திடமான கன்று. 90 சென்ரிமீற்றர் உயரமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் என்றால் 15 வரும், அது ஈர்க்கில், வாங்காதே. நல்ல கணக்குத்தான், நானும் அதை நம்பித்தான் கோயிலுக்குக் கன்று தெரிந்தேன். மருந்து விட்டவனுக்கு இந்தக் கணக்கு ஒரு விளையாட்டு. அதே 6 மில்லிமீற்றர் தண்டு, உயரத்தை மட்டும் 30 இல் பிடித்து நிறுத்தினால் 5 வரும், பாஸ்! வேர் எப்படி இருக்கிறது, கன்றுக்கு எத்தனை மாதம் என்று கணக்கு கேட்காது. கன்று எடுக்க வருகிற திட்டக்காரரின் தாளிலும் “உயரம் இத்தனையில் இருந்து இத்தனை வரை” என்று ஒரு வரி இருக்கும், நான் பார்த்த தாளில் வயதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. உயரத்தை நிறுத்த மருந்து உண்டு, வயதை நிறுத்த இல்லை. மேலே நிறுத்தி வைத்திருந்த காலம் முழுக்க வேர் பைக்குள் சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. சுற்றிய வேர் மரமான பிறகும் நிமிராது, சின்னக் காற்றுக்கும் அடியோடு சாயும். 1978 சூறாவளியைப் பார்த்த மட்டக்களப்பு மாவட்டத்துக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

சரி, கன்று ஏன் மேடையில் ஐந்து மாதம் காத்து நின்றது? அந்த நாற்றுமேடைக்காரர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5. அன்றைக்குத் தெற்கிலும் மேற்கிலும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும், கன்று வைக்க நல்ல நாள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அன்றைக்கு மண்வெட்டி இறங்காது, இறங்கினால் தீப்பொறி பறக்கும். ஆனால் வைபவம் அன்றைக்குத்தான். கன்றும் அன்றைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று தை மாசியிலேயே சொல்லிவிடுவார்கள். வைபவத்தில் இருபது கன்று நடப்படும், படம் எடுக்கப்படும், மிச்சம் “மழை வந்ததும் எடுக்கிறோம்”. மழை வர கார்த்திகை ஆகும். சில வேளை பிரமுகருக்கு நேரம் கிடைக்காமல் அதுவும் தை ஆகும். ஜூனுக்கு இரண்டு அடி வளர்ந்த கன்று கார்த்திகைக்கு எத்தனை அடி நிற்கும்? ஆளுயரக் கன்றை உழவு மெசின் பெட்டியில் அடுக்கினால் பாதி முறியும், எடுக்க வருகிறவரும் தாளைப் பார்த்து உயரம் கூடிப்போச்சு என்று திருப்பி அனுப்புவார். அப்போதுதான் மருந்துப் போத்தல் நினைவுக்கு வருகிறது. கொழும்பின் மழைக்கு எழுதிய கலண்டரைக் கிழக்கில் மாட்டிவிட்டு, அதைச் சரிக்கட்டக் கன்றின் கழுத்தைப் பிடித்து அமுக்குகிறோம்.

இதற்கு மருந்தே தேவையில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கார்த்திகையில் நடவேண்டும் என்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வேப்பம்பழம் கோடையில் விழுகிறது, விதையை எடுத்துவைத்து விற்கலாம் என்று நினைத்தால் சில வாரத்தில் முளைப்புப் போய்விடும், விழுந்த சூட்டோடு போட வேண்டும். ஆடியில் போட்டால் கார்த்திகைக்கு நாலு மாதக் கன்று, கை நிறைய வேரோடு நிற்கும். மரமே நமக்குக் கலண்டர் எழுதித் தந்திருக்கிறது. புளி விதை கெடாது, வைத்திருந்து வைகாசி ஆனியில் போடலாம். பனைக்கு நாற்றுமேடையே வேண்டாம், கொட்டையைக் கொண்டுபோய் நிற்க வேண்டிய இடத்திலேயே புதைத்துவிட்டால் முடிந்தது கதை.

அப்படியும் தள்ளிப்போனால்? போகும், நம்ம நாடுதானே. அதற்கும் பழைய கை வேலைகள் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒருதடவை பைகளைத் தூக்கி இடம் மாற்றி வைத்தால் அடியால் மண்ணுக்குள் இறங்கிய வேர் அறும், கன்றின் ஓட்டம் தானாக அடங்கும், உள்ளே பக்கவேர் பெருகும். யூரியாவை நிறுத்துங்கள். மேலே போட்ட கிடுகைக் கழற்றி வெயில் காட்டுங்கள், பைகளை நெருக்கி அடுக்காமல் இடைவெளி விடுங்கள். வெளிச்சத்துக்கு அடிபடுகிற கன்றுதான் நெடுக்கிறது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், காலையில் இலை துவளாத அளவுக்கு. இதைத்தான் கன்றைக் கடுப்பேற்றுவது என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். இப்படிக் கடுப்பேறிய கன்றும் குட்டையாகத்தான் நிற்கும், ஆனால் மழை விழுந்த மூன்றாம் வாரம் துளிர் விடும், மருந்துக் கன்று விடாது. தேக்கு என்றால் இன்னும் சுகம். வளர்ந்து போன ஒரு வருடக் கன்றைப் பிடுங்கி, மேலே இரண்டு விரல் தண்டு, கீழே ஒரு சாண் வேர் மட்டும் விட்டு வெட்டி, அந்தக் கட்டையையே நடுவார்கள். எவ்வளவு உயரம் போனது என்பது அங்கே ஒரு பிரச்சினையே இல்லை. இவை எல்லாவற்றுக்கும் கூலியாள் வேண்டும், மருந்துக்கு ஒரு மூடி போதும், அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் நாற்றுமேடைக்காரரை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. கன்று எடுக்கிறோம் என்று சொன்ன திகதியில் எடுக்காவிட்டால் மாதத்துக்கு இத்தனை ரூபா பராமரிப்புக் காசு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள், அவர் ஆள் பிடித்துப் பைகளைத் தூக்கி வைப்பார்.

நான் கேட்பது பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. மேடையில் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு மட்டையைக் குத்தி விதை போட்ட திகதியை எழுதி வையுங்கள், மருந்து விட்டிருந்தால் அதன் பெயரையும் விட்ட நாளையும் எழுதுங்கள். வாங்குகிறவர் பார்த்து முடிவெடுக்கட்டும். வீட்டு முற்றத்துச் சட்டிக்கு வாங்குகிறவர் அதையே விரும்பி வாங்கிக்கொண்டு போகலாம். பிரதேச செயலகங்கள், பாடசாலைகள், கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்கள் கன்று எடுக்கிறபோது உயரத்தோடு வயதையும் கேளுங்கள், நூறு கன்றுக்கு ஒன்றைப் பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். ஒரு கன்று வீணானால் ஆகட்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மருந்து விட்ட வேம்பும் விடாத வேம்பும் ஒரே காணியில் இரண்டு மாரி நின்றால் எப்படி இருக்கும் என்று யாராவது ஒரு பிள்ளை அளந்து எழுதினால், அடுத்த தடவை என்னைப் போன்றவன் பத்திரிகைக்குப் புலம்ப வேண்டி வராது. எங்களிடம் அளப்பதற்குக் கன்று 270 நிற்கிறது, இலவசம்.

சந்தேகப்படுகிற மண்ணை யாரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கோயில் காணியில் கிளறிய கன்றின் வேரோடு வந்த பை மண்ணை எறியாமல் ஒரு சட்டியில் போட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு சட்டியில் என் மேடை மண். இரண்டிலும் ஒரே பொட்டலத்துப் பயற்றை, சட்டிக்குப் பத்து விதை, ஒரே நாளில் ஊன்றி, ஒரே போத்தலால் தண்ணீர் ஊற்றி வருகிறேன். இன்றைக்குப் பதினாறாம் நாள். என் மண்ணில் நிற்கிற பயறு ஒரு சாண் தாண்டிக் கொடி ஓட இடம் தேடுகிறது. மற்றச் சட்டியில் பத்தும் முளைத்திருக்கின்றன, ஒன்றும் சாகவில்லை, நாலு விரல் உயரத்தில், கரும்பச்சையாக, மிகவும் அழகாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு நாற்றுமேடைக்காரன்,
களுவாஞ்சிகுடி.